செம்பனை இலைச் சீவல்களில் ஓட்டைகள்: குறை கத்தியிலா, பிசினிலா?

இலைநரம்பு, கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் தாவரவியலில் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். நாற்றங்கால் செம்பனைக் கன்றுகளின் இலையில் பசுங்கணிகத்தின் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) உள்ளடுக்குகளை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் விலங்குத் திசுவுக்காக எழுதப்பட்ட செய்முறைதான் கையிருப்பில் உள்ளது: திசுவை நிலைப்படுத்த 2.5% குளூட்டரால்டிஹைடில் இரண்டு மணி நேரம், பின் 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு, நீரை நீக்க எத்தனால் வரிசை, ஸ்பர் என்னும் எப்பாக்சிப் பிசினில் ஓர் இரவு, பிறகு 70 பாகை செல்சியசில் இறுகவைத்தல். அதன்படி செய்தால், இறுகிய பிசின் கட்டியிலிருந்து கத்தியால் வெட்டும் மெல்லிய சீவல்களில் செல்லின் நடுப்பகுதி கிழிந்து ஓட்டையாகிறது. செல்சுவரை ஒட்டிப் பிசின் பிரிந்து நிற்கிறது. சீவலின் குறுக்கே நீண்ட கீறல்களும், படம் முழுவதும் கரும்புள்ளிகளும் தெரிகின்றன. கத்தியை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வைரக்கத்தி, பினாங்கு:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் சொன்ன குறைகளில் கத்தியோடு தொடர்புடையது கீறல் ஒன்றுதான். ஓட்டையும் சுவரோரப் பிரிவும் பிசின் உள்ளே போகாததன் அடையாளங்கள். விலங்குத் திசுவில் கரைசலைத் தடுக்க அவ்வளவாக எதுவும் இல்லை. இலைக்கோ மேலே மெழுகு படிந்த கியூட்டிகிள், ஒவ்வொரு செல்லுக்கும் தனிச் சுவர், செல்களுக்கிடையே காற்று, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நீர் நிறைந்த வாக்குவோல் என்று தடைக்கு மேல் தடை. ஆகவே விலங்குத் திசுவுக்குப் போதுமான நேரம் செம்பனை இலைக்குப் போதாது.

முதலில் வெட்டும் முறையைக் கவனியுங்கள். கரைசல் நுழைவது பெரும்பாலும் வெட்டிய விளிம்பு வழியாகத்தான். எனவே புதிய சவர அலகால், குளூட்டரால்டிஹைடு துளிக்குள்ளேயே வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இல்லாத துண்டுகளாக வெட்டுங்கள்; வெளியே வெட்டிவிட்டுப் பிறகு கரைசலில் போட்டால், அந்த இடைவெளியிலேயே செல் சிதையத் தொடங்கிவிடும். துண்டுகள் மிதந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். நச்சாவியை வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டிக்குள், டெசிகேட்டரில் (காற்றுப்புகாத கண்ணாடிக் கலன்) வைத்து மெதுவாகக் காற்றை உறிஞ்சி, மெதுவாகவே திறந்து விடுங்கள்; துண்டுகள் மூழ்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். அதன்பின் 4 பாகையில் ஓர் இரவு விட்டுவிடலாம்.

அடுத்தது பிசின். ஸ்பர் பிசின் 1969இல் வெளியானபோது அதன் சிறப்பே நீர்போல் ஓடும் தன்மைதான். அன்றைய கலவையில் இருந்த முக்கிய எப்பாக்சிப் பொருள் பின்னர் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அதனிடத்தில் சேர்க்கப்படுவது சற்றுக் கூடுதல் பாகுத்தன்மை கொண்டது. பழைய செய்முறைகளில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அசிட்டோனும் பிசினும் மூன்றுக்கு ஒன்று, சமபங்கு, ஒன்றுக்கு மூன்று என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அரை நாளாவது சுழற்றியில் வைத்து, பிறகு தூய பிசினை இரண்டு மூன்று முறை மாற்றி ஓரிரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் வாரக்கணக்கில் செய்த வேலை வீணாகும்.

நம் ஊர் ஈரக்காற்றையும் மறக்கக் கூடாது. அடிக்கடி திறந்து மூடிய புட்டியில் இருக்கும் தூய எத்தனால் தூயதாக இருப்பதில்லை. கடைசி மாற்றத்துக்குப் புதிதாகத் திறந்த புட்டியையோ, நீருறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகள் இட்டு வைத்ததையோ பயன்படுத்துங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பிசின் புட்டியை அறை வெப்பத்துக்கு வரும்முன் திறந்தால் உள்ளே பனி இறங்கும். இறுகிய கட்டி முழுவதும் மென்மையாக இருந்தால் கலவையிலோ ஈரத்திலோ குறை தேடுங்கள். திசு இருக்கும் இடம் மட்டும் மென்மையாக இருந்தால் நீர் முழுதாக நீங்கவில்லை அல்லது பிசின் சரியாக ஊறவில்லை.

கரும்புள்ளிகள் திசு இல்லாத வெற்றுப் பிசினிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஈய சிட்ரேட் சாயம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உருவான ஈயக் கார்பனேட்டுப் படிவு. சாயமிடும் தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை வைத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரால் கழுவினால் குறையும். திசுவுக்குள் மட்டும் இருந்தால், பாஸ்பேட் தாங்கல் கரைசலைச் சரியாகக் கழுவாமல் ஆஸ்மியத்துக்குப் போனீர்களா என்று யோசியுங்கள்.

பனையோலை, கோலாலம்பூர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. கீறலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பனைக் குடும்பத்து இலைகளில் நரம்பை ஒட்டிய நார்களின் ஓரத்தில், சிலிக்கா உருண்டைகளைத் தாங்கிய சிறு செல்கள் வரிசையாக இருக்கும். அவை வைரக்கத்தியின் முனையையே சிதைத்துவிடும். அந்தக் காயம் அடுத்தடுத்த சீவல்களில் கோடாகத் தெரியும். எனவே கத்தியைக் குறை சொல்வதற்கு முன், கட்டியைச் செதுக்கும்போதே நரம்பு வரும் பகுதியை ஒதுக்கிவிட்டு, இரு நரம்புகளுக்கு இடைப்பட்ட இலையிடைத் திசுவை மட்டும் முகப்பில் விடுங்கள். விரியாத குருத்தோலையில் சிலிக்கா குறைவு என்று சிலர் அதை எடுப்பார்கள். ஆனால் குருத்து வெளிறியிருக்கும், பசுங்கணிகம் முழு வளர்ச்சி அடைந்திராது, உங்கள் ஆய்வுக்கு அது உதவாது. தடிப்பான சீவல்களைக் கண்ணாடிக் கத்தியால் வெட்டி, டொலுயிடின் நீலமிட்டுச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்து இடத்தை உறுதிசெய்த பிறகே வைரக்கத்தியைத் தொடுங்கள்.

இலைநரம்பு, கோலாலம்பூர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன், புள்ளிகள் வெற்றுப் பிசினிலும் இருக்கின்றன. இன்னொரு ஐயம்: எஞ்சிய ஆஸ்மியத்தைச் சமையல் எண்ணெயில் ஊற்றிச் செயலிழக்கச் செய்யலாம் என்கிறார்கள். ஆய்வகத்தில் இருப்பது செம்பனை எண்ணெய்தான். அது போதுமா?

வைரக்கத்தி, பினாங்கு:

சோள எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்மியம் வினைபுரிவது எண்ணெயிலுள்ள இரட்டைப் பிணைப்புகளோடு. செம்பனை எண்ணெயில் அவை சோள எண்ணெயைவிட மிகவும் குறைவு. 2% கரைசல் என்றால் அதைப்போல் இரு மடங்கு எண்ணெய் தேவை. ஆவி கண்ணைக் கெடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள். முடிந்ததா என்று அறிய, சோள எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டைக் கரைசலுக்கு மேலே பிடியுங்கள். அது கறுத்தால் இன்னும் ஆஸ்மியம் இருக்கிறது, எண்ணெயைக் கூட்டுங்கள். முழுதும் செயலிழந்த பிறகும் கழுவுதொட்டியில் ஊற்றாமல், வேதிக்கழிவுக் கலனில் சேருங்கள்.