மிட் டிரைவ் கிட்: முன்னாடி 42 பல்லா 48 பல்லா, பின்னாடி எந்த ஃப்ரீவீல்?

தண்டையார்பேட்டை26

வணக்கம். ஸ்டீல் ஃப்ரேம் எம்டிபி, 26 இன்ச் வீல், டயர் 1.95, பின்னாடி 7 கியர் ஃப்ரீவீல் (ஹப்ல திருகி மாட்டுற பல்சக்கரக் கொத்து, 14 பல்லுல இருந்து 28 பல் வரைக்கும்). இதுல 36 வோல்ட் 250 வாட் மிட் டிரைவ் கிட் (பெடல் அச்சு இடத்துல உட்கார்ந்து செயின் வழியா பின் வீலை இழுக்கற மோட்டார்) போடப் போறேன். கிட்டோட 48 பல் செயின்வீல் (முன் பல்சக்கரம்) வருது, கேட்டா 42-ம் தர்றாங்க. கடையில "48 போடுங்க, ஸ்பீடு கிடைக்கும்"னு சொல்றாங்க.

தண்டையார்பேட்டையில இருந்து திருவொற்றியூர் ஹை ரோடு வழியா மணலி போய் வரணும். சில நாள் எர்ணாவூர் மேம்பாலம் ஏறி எண்ணூர் பக்கம். கேரியர்ல 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு இருக்கும். என் எடை 70 கிலோ.

நம்ம ஏரியா முழுக்க சமதளம்தானே, பேசாம கியரைக் கழட்டிட்டு சிங்கிள் ஸ்பீடு ஆக்கிடலாமான்னும் யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செயின்வீல்

முன்னாடி எத்தனை பல்லுங்கறதை முதல்ல முடிவு பண்ணாதீங்க தம்பி. ரோட்டுல முக்கால்வாசி நேரம் எந்த வேகத்துல போவீங்க, அப்போ செயின் பின்னாடி எந்தப் பல்லுல இருக்கணும், அதை முதல்ல பாருங்க. அது தெரிஞ்சா முன் செயின்வீல் தானா முடிவாயிடும்.

வேகத்துக்கு உச்சவரம்பு இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 2(யு) படி மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள்ள, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ள, பேட்டரி இல்லாம வண்டி எடை 60 கிலோவுக்குள்ள இருந்தாதான் அது மோட்டார் வாகனக் கணக்குல வராது. அதனால 35 கி.மீ. வேகத்துக்குக் கியர் கட்டி உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 23 கி.மீ.யை உங்க ஓட்ட வேகமா வெச்சுக்குங்க.

26 x 1.95 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.05 மீட்டர் போகும். கிராங்க் (பெடல் தண்டு) நிமிஷத்துக்கு 80 சுத்துன்னு வெச்சா, 42 செயின்வீலோட 14-ல 29.5 கி.மீ., 16-ல 25.8, 18-ல 23, 20-ல 20.7, 22-ல 18.8, 24-ல 17.2, 28-ல 14.8. அதே 80 சுத்துக்கு 48 செயின்வீல் போட்டா 14-ல 33.7, 16-ல 29.5, 18-ல 26.2. அதாவது 48 போட்டீங்கன்னா ஏழு பல்லுல மூணு 25-க்கு மேல போயிடுது, அந்த மூணும் வீண். மீதி நாலை வெச்சுத்தான் பாலம், எதிர்காத்து, சிக்னல் எல்லாத்தையும் சமாளிக்கணும். 42 போட்டா 14 ஒண்ணுதான் முழுசா உபரி, 16 வரம்பை ஒட்டி நிக்கும். அந்த 14-உம் பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவா சுத்துறப்போ உதவும்.

80-னு ஏன் சொல்றேன்னா, மோட்டார் சுமை இல்லாம எவ்வளவு வேகமா சுத்துமோ, அதுல முக்கால் பங்கு, அஞ்சுல நாலு பங்கு சுத்துறப்போதான் கரெண்ட் வீணாகாம வேலை செய்யும். அதுக்குக் கீழ இழுத்தா, கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரெண்ட் விடற பெட்டி) பேட்டரியில இருந்து எடுக்கற ஆம்பியர் வரம்புக்குள்ளேயே இருந்தாலும், வைண்டிங்ல (மோட்டார் கம்பிச்சுருள்ல) ஓடுற ஆம்பியர் அதைவிட அதிகமாயிடும். வைண்டிங் ஆம்பியர் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. உள்ளே இருக்கற நைலான் கியர் தேயுறதும் கன்ட்ரோலர் போறதும் பெரும்பாலும் இப்படித்தான்: சின்னப் பல்லுலயே கிடந்து, கியரை இறக்காம, பாரத்தோட இழுத்து.

இப்ப உங்க பாரத்துக்கு வருவோம். நீங்க, வண்டி, கேன் எல்லாம் சேர்த்து 140 கிலோன்னு வைங்க. காத்து இல்லாத சமதளத்துல 23 கி.மீ. போக ஏறக்குறைய 200 வாட் போதும். 4 சதவீத ஏற்றத்துல 15 கி.மீ. போக 325 வாட் வேணும், 12 கி.மீ.ன்னா 250 வாட். அதாவது பாலத்துல மோட்டார் மட்டும் இழுத்தா 12 கி.மீ., நீங்களும் மிதிச்சா 15. 42/28-ல (முன் 42, பின் 28) 15 கி.மீ.ன்னா கிராங்க் சரியா 80 சுத்து. அதே பாலத்தை 48/18-லயே ஏறினா கிராங்க் 46 சுத்துக்கு இறங்கிடும், மோட்டார் முனகும். மேம்பாலம் தொடங்குறதுக்கு முன்னாடியே கியரை இறக்கி, செயினைப் பெரிய பல் பக்கம் 28-க்குக் கொண்டுவந்துடுங்க. ஏறும்போது பாதியில மாத்தக் கூடாது.

சமதளம்னு நீங்க சொல்றது ரோட்டுக்குச் சரி, காத்துக்குச் சரியில்லை. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கிழக்கே இருந்து அடிக்கும். மணலியில இருந்து திருவொற்றியூர் திரும்புறப்போ அது நேரா முகத்துல வரும். 15 கி.மீ. எதிர்காத்துல 23 கி.மீ. ஓட்டணும்னா 360 வாட் ஆகும், அது உங்க மோட்டாருக்கு மேல. 18 கி.மீ.க்கு இறக்கினா 235 வாட்ல முடிஞ்சிடும். அப்போ உங்க பல் 22 இல்ல 24. கடல்காத்தை ஒரு நீளமான ஏற்றம்னு கணக்குல எடுத்துக்குங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே கியரைக் கழட்டாதீங்க.

ராயபுரம்_ரிம்

42-க்கு இன்னொரு காரணம் இருக்கு, செயின் லைன் (முன் பல்லுக்கும் பின் பல்லுக்கும் நடுவுல செயின் நேரா ஓடுறது). பாஃபாங் பிபிஎஸ் மாதிரியான மோட்டார்ல வலது பக்கம் கியர்பாக்ஸ் புடைச்சுக்கிட்டு நிக்கும். செயின்வீலைக் கிண்ணம் மாதிரி உள்பக்கம் குழிச்சுத்தான் அதுமேல உட்கார வைக்கறாங்க. அப்படிக் குழிக்கறதுக்கு 42 பல்தான் ஏறக்குறைய கடைசி அளவு. 38, 36-னு இறங்கினா அடாப்டர் போட்டுத் தட்டையா வெளியே தள்ளி நிறுத்தணும். அப்போ பின்னாடி 24, 28-க்கு மாத்தும்போது செயின் குறுக்கே இழுக்கும். பல்லோட பக்கவாட்டுல பளபளன்னு தேய்மானம் தெரிஞ்சா செயின் லைன் கோணல்னு அர்த்தம்.

42/18-உம் 38/16-உம் விகிதத்துல ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா செயினுக்கு ஒண்ணு இல்லை. மோட்டார் கிராங்க்ல 80 நியூட்டன் மீட்டர் குடுத்தா, 42 பல்லுல செயின் இழுவை ஏறக்குறைய 940 நியூட்டன், 38-ல 1040. அதோட, பெரிய ஜோடியில தேய்மானம் நிறைய பல்லுக்குப் பிரிஞ்சு போகும். 11, 12 பல்லுல தொடங்குற கேசட்ல (ஹப் மேல சொருகுற பல்சக்கரக் கொத்து) மிட் டிரைவ் ஓட்டுறவங்க அந்தக் கடைசிப் பல்லைத்தான் முதல்ல மாத்துவாங்க. உங்க 14-28 அந்த வகையில நல்லது.

நான் கவலைப்படறது ஃப்ரீவீலுக்கு இல்லை, ஆக்சிலுக்கு. திருகு ஃப்ரீவீல் ஹப்ல வலது பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும், ஆக்சில் முனை நீளமா ஆதரவில்லாம நிக்கும். கேரியர்ல 40 கிலோ வெச்சு குழியில இறங்கினா அங்கதான் வளையும். வீலைக் கழட்டி, ஆக்சிலைக் கையால சுத்திப் பாருங்க. முனை வட்டமடிச்சா வளைஞ்சிருக்கு. இந்த பாரத்துக்கு 36 கம்பி ரிம், கேசட் ஹப் போட்டா நிம்மதி. கேசட் ஹப் வாங்கினா ஃப்ரீஹப் உடம்பு (கேசட் சொருகற பாகம்) ஸ்டீல்ல இருக்கணும். அலுமினியத்துல தனித்தனிப் பல் கடிச்சுப் பள்ளம் பண்ணிடும்.

கிட் வாங்குறதுக்கு முன்னாடி பிபி ஷெல்லை (ஃப்ரேம்ல பெடல் அச்சு போற குழாய்) அளந்துடுங்க. அகலம் 68 மி.மீ. இல்ல 73 மி.மீ., உள் விட்டம் 33.5 மி.மீ.க்குக் குறையாம இருக்கணும். பாரிமுனைப் பக்கம் சைக்கிள் உதிரி விக்கற கடைகள்ல வெர்னியர் வெச்சு அளந்து தருவாங்க. ஷெல்லுக்குள்ள பெயின்ட் கட்டி, வெல்டிங் பொட்டு இருந்தா அரத்தால தேய்ச்சு எடுக்கணும், சுத்தியலால தட்டி மோட்டாரை உள்ளே ஏத்தக் கூடாது.

எண்ணூர்_எதிர்காத்து

48-ஐ ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு நினைக்கறேன். 48/20 போட்டா 80 சுத்துல 23.6 கி.மீ. வரும், செயின் இழுவை 42-ஐ விடக் குறைவு. பாலத்துக்கு ஃப்ரீவீலை 14-34 ஆக்கிட்டா 48/34-ல 13.9 கி.மீ. வரும். கணக்கு சரியாத்தானே இருக்கு?

சிங்கிள் ஸ்பீடு கேள்விக்கும் சேர்த்து: பாரம் இல்லாம, பாலம் ஏறாம, வண்ணாரப்பேட்டைக்குள்ளேயே சுத்துறவங்களுக்கு 42/20, அகலமான 1/8 இன்ச் செயின் அருமையா ஓடும். டெரெய்லர் (செயினைப் பல் மாத்துற பாகம்) இல்லாததால உப்புக்காத்துல துருப்பிடிக்க ஒரு பொருள் குறைவு. உங்க 40 கிலோவுக்கு அது ஒத்து வராது. ஒவ்வொரு சிக்னல்லயும் மோட்டார் நின்ன நிலையில இருந்து அதே பல்லுல கிளம்பணும்.

செயின்வீல்

கணக்கு சரிதான். ஆனா கடைகள்ல சாதாரணமா கிடைக்கற 7 கியர் 14-34 ஃப்ரீவீல்ல பல் வரிசை 14-16-18-20-22-24-34. 24-ல இருந்து ஒரே தாவா 34. 48/24-ல 80 சுத்துக்கு 19.7 கி.மீ., அடுத்தது 13.9. எதிர்காத்துக்கு நமக்கு வேண்டியதே நடுவுல இருக்கற 15-18 கி.மீ.தான், அங்க பல்லே இல்லை. 14-28-ல 24-க்கு அடுத்தது 28, தாவல் சின்னது. அதோட அவர்கிட்ட ஏற்கெனவே 14-28 இருக்கு, காசு செலவில்லை. 42 போட்டா ஓட்டப் பல் (வழக்கமா ஓட்டுற பல்) 20-க்குப் பதிலா ஒரு இடம் தள்ளி 18-ல வருது. மோட்டார் செயின்வீல் பொதுவா கொஞ்சம் வெளியே நிக்கறதால அந்த 18-க்குத்தான் செயினும் நேரா ஓடும்.

தண்டையார்பேட்டை26

ரொம்ப நன்றி அண்ணா, 42-ஐயே வாங்கிடறேன். மூணு சந்தேகம். என் மோட்டார் 80 சுத்துக்கு ஏத்ததுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? செயின் எத்தனை லிங்க்? கியர் மாத்தும்போது மோட்டார் இழுத்துக்கிட்டே இருந்தா செயின் அறுந்திடுமா?

செயின்வீல்

முதல் சந்தேகத்துக்கு: பேட்டரியை முழுசா ஏத்திட்டு, பின் வீலைத் தரையில படாம தூக்கி நிறுத்துங்க. செயினை 28 பல்லுல போட்டு த்ராட்டிலை முழுசாத் திருகுங்க. பெரிய பல்லுல பண்ணாதான் 25 கி.மீ. வரம்பு குறுக்கிடாது. டிஸ்ப்ளே 18.5 கி.மீ. காட்டினா கிராங்க் கணக்குல ஏறக்குறைய 100 சுத்து, உங்க நல்ல இடம் 75-80. 16.5 கி.மீ.தான் காட்டுதுன்னா 90 சுத்து, நல்ல இடம் 68-72. அப்போ ஓட்டப் பல் 18-க்குப் பதிலா 16 ஆயிடும், செயின்வீல் 42-லயே இருக்கட்டும். முன்கூட்டியே டிஸ்ப்ளேல வீல் அளவு 26-னு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா காட்டுற வேகமே தப்பு.

36 வோல்ட் பேட்டரி முழுசா இருக்கும்போது 42 வோல்ட், தீரும்போது 32 பக்கம் வந்துடும். சுமை இல்லாத சுத்தும் அதே அளவுல குறையும். கால்வாசி பேட்டரியில, காலையில போன வேகம் அதே பல்லுல வரலைன்னா மோட்டார் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க.

ராயபுரம்_ரிம்

செயின்: 7-8 ஸ்பீடு செயின் வாங்குங்க, 9-க்கு மேல வேண்டாம். முன்னாடி 42, பின்னாடி 28-ல போட்டு, டெரெய்லர் வழியா விடாம நேரா சுத்தி, ரெண்டு முனையும் சேர்ற இடத்துல இருந்து ரெண்டு லிங்க் கூட விட்டு வெட்டுங்க. உங்க ஃப்ரேம்ல 106 பக்கம் வரும். செயின் 116 லிங்க்கா வரும், அதனால முதல்லயே வெட்டிட்டு வந்து நிக்காதீங்க. தேய்மானத்துக்கு ஸ்கேல் போதும்: புது செயின்ல 24 லிங்க் 304.8 மி.மீ. அது 307 மி.மீ. ஆனதும் மாத்திடுங்க. விட்டா ஃப்ரீவீலையும் சேர்த்துத் தின்னும். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்பு படியுறதால வாரம் ஒருமுறை துணியால துடைச்சு, லிங்க்குக்கு ஒரு சொட்டு செயின் ஆயில். கிரீஸ் பூசினா மணல் ஒட்டிக்கும்.

கியர் மாத்துறப்போ இழுவை இருந்தா செயின் அறுறதைவிட, பல் உடையறதும் லிங்க் முறுக்கிக்கறதும்தான் அதிகம். கிட்டோட கியர் சென்சார் வந்தா கட்டாயம் போடுங்க. கியர் கேபிள் அதுக்குள்ள போகும், கேபிள் அசைஞ்சதும் மோட்டார் கண நேரம் விட்டுடும். இல்லைன்னா மோட்டார் கட் ஆகுற பிரேக் லிவரை லேசா தொட்டு, காலை சும்மா சுத்திக்கிட்டே மாத்துங்க. ஒரு நேரத்துல ஒரு பல்தான்.

முன் டெரெய்லரைக் கழட்டிடுவீங்க, அதனால மேடு பள்ளத்துல செயின் முன்னாடி கழண்டு விழும். 42-ஐ வாங்கும்போதே ஒரு பல் தடி, ஒரு பல் மெலிசுன்னு மாறி மாறி வர்றதைக் கேளுங்க. தடிப் பல் வெளித் தகட்டுக்குள்ள, மெலிசுப் பல் உள் தகட்டுக்குள்ள உட்காரணும். மாத்திப் போட்டா முதல் சுத்துலயே செயின் மேல ஏறி நிக்கும்.

எண்ணூர்_எதிர்காத்து

மழைக்காலத்துக்கு ஒண்ணு சேர்த்துக்குங்க. மிட் டிரைவ் மோட்டார் பிபிக்குக் கீழ தொங்கும், தரையில இருந்து ஒரு ஜாண் உயரம்தான். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணி நிக்கற இடத்துல, பெடல் கீழே வர்றப்போ தண்ணியில முழுகுதுன்னா இறங்கித் தள்ளாதீங்க, வேற வழியா போயிடுங்க. தள்ளிக்கிட்டுப் போனாலும் மோட்டார் உயரம் அதேதான், தண்ணி இன்னும் கொஞ்சம் ஆழமானா அதுவும் முழுகிடும்.