59 வயதில் முதல் கார்: வேகன் ஆரா, செலேரியோவா?

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கிவிட்டேன். மதுரையில் திருநகரிலிருந்து சிம்மக்கல், எப்போதாவது அழகர்கோவில். அவ்வளவுதான் என் ஓட்டம்.

பழைய வண்டிகள் இரண்டு பார்த்திருக்கிறேன். 2012 வேகன் ஆர்: உயரமான இருக்கை, முழங்காலுக்கு இதம். ஆனால் 15 ஆண்டுப் பதிவு 2027-இல் முடிகிறது. புதுப்பிக்கப் பசுமை வரி வேறு. மற்றது 2016 செலேரியோ, கிளட்ச் மிதி இல்லாதது. கீழவாசல் நெரிசலுக்கு அதுதான் நிம்மதி. மேட்டில் பிரேக்கை விட்டால் பின்னால் உருளும் என்கிறார்களே, பாலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மருமகன் புது வண்டியே வாங்கச் சொல்கிறார். முதல் கீறல் எப்படியும் விழும், பழையதில் விழட்டுமே!

திருப்பரங்குன்றம் பக்கம், வாங்கும் முன் வண்டியைப் பார்த்துச் சொல்ல நம்பகமான மெக்கானிக் யாராவது இருக்கிறாரா?