பேப்பர் கப், பார்சல் டப்பா மறுசுழற்சி: கூட்டாகச் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கமும் பக்கத்து உணவகங்கள் ஆறும் சேர்ந்து பேப்பர் கப்பையும் பார்சல் டப்பாவையும் தனியாகச் சேகரிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று மாதம் சேர்த்த அத்தனையும் குப்பைக் கிடங்குக்குத்தான் போனது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் தொட்டியிலிருந்து ஆரம்பித்தோம். வண்ணம் அடித்து, படம் ஒட்டி, ஒவ்வொரு உணவகத்து வாசலிலும் வைத்தோம். ஜனங்களும் ஆர்வமாகக் கொண்டுவந்து போட்டார்கள். மூட்டை மூட்டையாகப் பிரிப்பு நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால், அங்கே பொறுப்பில் இருந்த அக்கா ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதை நான் யாருகிட்ட தம்பி விக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பேப்பர் கப் வெளியில் பார்க்கக் காகிதம். உள்ளே மெல்லிய பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. எடையில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் கப் ஊறி ஒழுகிவிடும். சாதாரணப் பழைய காகிதத்தோடு இதைக் கலந்து அனுப்பினால் பல ஆலைகள் திருப்பி அனுப்பிவிடும். கூடுதல் நேரம் ஊறவைத்து, கூழாக்கி, பிரிந்து வரும் பூச்சை வடிகட்ட வசதி இருக்கிற ஆலைக்குத்தான் இது சரக்கு. அப்படிப்பட்ட ஆலைக்கு நல்ல சரக்கும்கூட, ஏனென்றால் கப்புக்குள் இருப்பது வலுவான, வெளுத்த நார்.

அதனால் வேலையை அப்படியே திருப்பிப் போட்டோம். முதலில் வாங்குகிற ஆலை, அடுத்து பிரிப்பு நிலையம், அப்புறம் உணவகங்கள், கடைசியில்தான் தொட்டி. ஆலை நான்கு விஷயம் கேட்டது: காய்ந்திருக்க வேண்டும், மூடி இருக்கக் கூடாது, பேலாக, அதாவது அழுத்திய பொதியாகக் கட்டியிருக்க வேண்டும், லாரி நிறைய வர வேண்டும். கடைசி நிபந்தனைதான் எங்களைக் கூட்டாளி தேட வைத்தது. ஒரு குடியிருப்பின் கப் ஒரு லாரியை எந்தக் காலத்திலும் நிரப்பாது. ஒரு கல்லூரி விடுதி, ஒரு மருத்துவமனை கேண்டீன், இன்னும் இரண்டு குடியிருப்புகள் சேர்ந்த பிறகுதான் கணக்கு ஒத்துவந்தது.

இன்னொன்று, மிச்சம் விடுகிற பானம். நடுத்தர அளவு கப் ஒன்று 10 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் 50 மில்லி மிச்சம் விட்டால் கப்பைப் போல் ஐந்து மடங்கு எடையைத் தண்ணீராகச் சுமக்கிறோம். இரண்டு நாளில் மூட்டை புளித்து வாடை கிளம்பும், பூஞ்சை பிடிக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் சல்லடை வைத்த வாளி ஒன்றும், கப்பைக் கவிழ்த்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க நீளமான குழாய் ஒன்றும் வைத்தோம். போஸ்டர் ஒட்டிச் செய்ய முடியாததை அந்த வாளி செய்தது.

மறுமொழி: பிரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர்

கப்பைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மேசையில் நிற்பவர்கள் பிளாஸ்டிக் வகையைச் சொல்ல அடியில் முக்கோணத்துக்குள் போட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதே இல்லை, கை சொல்லிவிடும். மடித்தால் வளைந்து கொடுத்தால் பாலிபுரொப்பிலீன், அதாவது 5. பட்டென்று உடைந்தால் பாலிஸ்டைரீன், 6. கண்ணாடி மாதிரி இருந்து நசுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் போட்டால் பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 1. சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுவோம். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், பெட் மூழ்கும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி இரண்டு. ஒன்று, கறுப்பு டப்பா. அதற்கு நிறம் கொடுக்கிற கார்பன் பிளாக் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், அந்த ஒளியை வைத்துப் பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கு அது தெரியாது. நல்ல பாலிபுரொப்பிலீனாக இருந்தாலும் கழிவுப் பக்கம் போய் விழும். இரண்டாவது, மக்கும் பிளாஸ்டிக் என்று வரும் பிஎல்ஏ. பார்வைக்குப் பெட் மாதிரியே இருக்கும், தண்ணீரிலும் அதே மாதிரி மூழ்கும். பெட் உருகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிஎல்ஏ 180 டிகிரிக்குள் உருகிவிடும். கொஞ்சம் கலந்தாலும் பெட் சரக்கின் தரம் கெட்டுவிடும். வீட்டு உரக்குழியிலும் அது சுலபமாக மக்காது. 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் பெரிய உர ஆலை வேண்டும். உணவகம் நடத்துபவர்கள் நல்லெண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மறுமொழி: உணவகம் நடத்துபவர்

அந்த ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டோம். பிரிப்பு நிலையத்துக்கு நேரில் போய் ஒரு மணி நேரம் மேசைப் பக்கத்தில் நின்றேன். எங்கள் கறுப்பு டப்பா என் கண் முன்னாலேயே கழிவுக் கூடையில் விழுந்தது, என் உணவகத்து ஸ்டிக்கரோடு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. திரும்பி வந்து மற்ற ஐந்து பேரிடமும் பேசி, டப்பா, மூடி இரண்டும் நிறமில்லாத பாலிபுரொப்பிலீனாக ஒரே மாதிரி வாங்க முடிவு செய்தோம். தனியாகக் கேட்டபோது கிடைக்காத விலை, ஆறு பேரும் ஒன்றாக ஆர்டர் கொடுத்தபோது கிடைத்தது. ஸ்டிக்கரையும் டப்பாவில் ஒட்டுவதில்லை, பையில் ஒட்டுகிறோம்.

மறுமொழி

தெர்மோகோல் தட்டு, டப்பாவை யாராவது சேகரிக்கிறீர்களா?

மறுமொழி: பிரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர்

நாங்கள் எடுப்பதில்லை. அதன் கொள்ளளவில் 95 சதவீதத்துக்கு மேல் காற்று. அழுத்தி இறுக்குகிற இயந்திரம் பக்கத்தில் இல்லாமல் லாரியில் ஏற்றினால் காற்றுக்கு வாடகை கொடுப்பதாகத்தான் ஆகும். இயந்திரம் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இழையைத் தொடங்கியவர்

எண்ணெய் பட்ட அட்டைப் பெட்டி பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். லேசான கறையை எங்கள் ஆலை ஏற்றுக்கொள்கிறது. எண்ணெயில் ஊறிப்போன அட்டையையோ மிச்சம் ஒட்டியிருப்பதையோ ஏற்பதில்லை, அந்தப் பகுதியைக் கிழித்து உரக்குழியில் போடுகிறோம். உங்கள் ஆலையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆலைக்கு ஆலை மாறும்.

கூட்டு நிலைத்து நிற்க எங்களுக்கு உதவியது ஒரு நோட்டு. போன வருடம் விடுதியில் பொறுப்பாளர் மாறினார். புதியவருக்கு எதுவும் தெரியாததால் ஒரு மாதம் ஈர மூட்டையே வந்தது, பிரிப்பு நிலையத்துக்காரர்கள் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த இடத்திலிருந்து எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ திருப்பப்பட்டது, ஏன் என்று மூட்டைக்கு மூட்டை எழுதுகிறோம். மாதம் ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து அதைப் படிக்கிறோம். இந்த மாதப் பக்கத்தைப் படம் எடுத்து நாளைக்கு இங்கே போடுகிறேன். நீங்கள் எழுதுகிற நோட்டு வேறு மாதிரி இருந்தால் அதையும் போடுங்கள்.