ஒரே அமைப்பில் பல டேபிள்கள்: எங்கே உதைத்தது, பகிருங்கள்

பில்மேசை:
வருஷத்துக்கு ஒரு டேபிள் போடும் பில்லிங் சாஃப்ட்வேர் இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். அதில் ஒரு ரிப்போர்ட் இன்னும் உறுத்துகிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த பில்_2017_18-ல் ஆல்டர் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டு சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி), ஐஜிஎஸ்டி (வெளிமாநில பில்லுக்கான வரி) மூன்று ஃபீல்டுகளையும் கடைசியில், தள்ளுபடிக்குப் பின்னால் சேர்த்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் பில்_2018_19 கையால் எழுதிய ஸ்கிரிப்டில் உருவானது. அதில் வரி மூன்றும் முன்னால், தள்ளுபடி கடைசியில். ஃபீல்டு எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, இவை எல்லாமே நியூமெரிக் (எண் வகை).

இரண்டையும் செலக்ட் ஸ்டார் (எல்லா ஃபீல்டையும் எடு) போட்டு யூனியன் ஆல் (ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுவது) செய்தால் எரர் வராது. யூனியன் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தை மட்டும் பார்க்கிறது. தலைப்பு முதல் செலக்டிலிருந்து வருகிறது. ஆக 2018_19-ன் சிஜிஎஸ்டி தள்ளுபடிக்குக் கீழே, எஸ்ஜிஎஸ்டி சிஜிஎஸ்டிக்குக் கீழே, ஐஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டிக்குக் கீழே, தள்ளுபடி ஐஜிஎஸ்டிக்குக் கீழே. சரிபார்த்தவர் சிஜிஎஸ்டி கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். அது பைசா சுத்தமாக ஒத்துப்போனது! உள்மாநில பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஒரே தொகை அல்லவா, அதனால். தவறு தெரியாமல் போக இதைவிட வசதியான இடம் கிடையாது.

ஒவ்வொரு செலக்டிலும் ஃபீல்டு பெயர்களை வரிசையாக எழுதி ஒரு வியூவில் (பெயரிட்டுச் சேமித்த செலக்ட்) வைத்துவிட வேண்டும். ஸ்டார் கூடவே கூடாது.

செர்வர்அறை:
புது டேபிளைக் கையால் எழுதாமல் லைக் (பழைய டேபிளின் அமைப்பை நகலெடுப்பது) போட்டு எடுத்திருந்தால் இந்த வரிசைக் குழப்பம் இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் லைக்குக்கும் ஒரு பொறி உண்டு. ஐடி ஃபீல்டு சீரியல் (தானாக எண் ஏறும்) வகையாக இருந்தால், லைக்கோடு இன்க்ளூடிங் ஆல் போடும்போது டிஃபால்ட்டும் (மதிப்பு தராதபோது தானாக நிரம்புவது) அப்படியே நகலாகும். அந்த டிஃபால்ட் பழைய டேபிளின் சீக்வென்ஸைத்தான் (அடுத்த எண்ணைத் தருவது) கூப்பிடும். இரண்டு டேபிளும் ஒரே சீக்வென்ஸில் எண் எடுப்பது கண்ணுக்குத் தெரியாது. ஐடியில் இடைவெளி விழும், அவ்வளவுதான்.

பழைய டேபிளை டிராப் செய்யும் (நீக்கும்) நாளில் வெடிக்கிறது. 'வேறொன்று இதைச் சார்ந்திருக்கிறது' என்று போஸ்ட்கிரெஸ் மறுத்தது. உடனே கேஸ்கேட் (சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கு) சேர்த்தார்கள். சீக்வென்ஸ் போனது, அதோடு புது டேபிளின் டிஃபால்ட்டும் போனது. அடுத்த இன்சர்ட்டிலிருந்து ஐடி நல் (காலி) என்று ஒவ்வொரு பில்லும் திரும்பி விழுந்தது. பதிப்பு 10-ல் வந்த ஐடென்டிட்டி ஃபீல்டைப் பயன்படுத்தினால் லைக் செய்யும்போது தனி சீக்வென்ஸ் கிடைக்கும்.

இன்னொன்று: இன்க்ளூடிங் ஆல் என்ற பெயரை நம்பாதீர்கள். ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் கட்டுப்பாடு) டிரிகரும் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) வராது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் லைக்கிலும் இண்டெக்ஸ் வரும், ஃபாரின் கீ வராது. கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட் என்றால் போஸ்ட்கிரெஸில் பிரைமரி கீ (ரெக்கார்டைத் தனித்துக் காட்டும் ஃபீல்டு), நாட் நல் (காலியாக விடக்கூடாது என்ற விதி) எதுவுமே வராது.

ஆடிட்_டிரெயில்:
எனக்கு உறுத்துவது ஹிஸ்டரி டேபிள், அதாவது மாறுவதற்கு முந்தைய ரெக்கார்டுகளைச் சேமிப்பது. ஆர்டர் டேபிளின் அதே ஃபீல்டுகள், கடைசியில் 'மாற்றிய நேரம்'. அப்டேட் ஆகும்போது டிரிகர் பழைய ரெக்கார்டை ஸ்டாரோடு எடுத்து, நேரத்தை ஒட்டி, ஹிஸ்டரியில் போடும். ஆர்டரில் 'டெலிவரி நேரம்' என்று ஒரு ஃபீல்டு சேர்ந்தது. ஹிஸ்டரியில் சேர்க்கவில்லை. மதிப்புகள் அதிகம் என்று டிரிகர் விழுந்தது. ஆர்டரின் அத்தனை அப்டேட்டும் கூடவே ரோல்பேக் (பழைய நிலைக்கே திரும்பின).

அவசரத்தில் ஹிஸ்டரியிலும் அந்த ஃபீல்டைச் சேர்த்தார்கள். அது 'மாற்றிய நேர'த்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. இரண்டும் டைம்ஸ்டாம்ப். எரர் நின்றது, இரண்டு நேரமும் இடம் மாறிப் பதிவாகிக்கொண்டே இருந்தது. எரர் வந்த நிலையே மேல் என்பேன்.

ஹிஸ்டரிக்கே உரிய ஃபீல்டுகளை முதலில் வையுங்கள்; புதியவை எப்போதும் கடைசியில் சேர்வதால் இரண்டும் ஒத்துப்போகும். இங்கே இன்க்ளூடிங் ஆலும் வேண்டாம். பிரைமரி கீயும் நகலாகி, ஒரே ஆர்டர் இரண்டாம் முறை மாறும்போது டூப்ளிகேட் என்று நிற்கும்.

நெல்லை_டிபிஏ:
பில்மேசை சார், வியூ போடுவது காயத்துக்குக் கட்டுதான். வருஷத்துக்கு ஒரு டேபிள் என்பதே தேவையில்லை. ஒரே பில் டேபிள், நிதியாண்டு என்று ஒரு ஃபீல்டு. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் பார்ட்டிஷன் (ஒரு தாய் டேபிளை உள்ளே பல துண்டுகளாக வைப்பது). போஸ்ட்கிரெஸ் 10-ல் வந்தது. 11-ல்தான் தாய் டேபிளிலேயே பிரைமரி கீ வைக்க முடிந்தது. 12 முதல் வேறு டேபிள்கள் அதை ஃபாரின் கீயால் சுட்டலாம்.

யூனிக் கீ (மதிப்பு திரும்ப வரக்கூடாது என்ற விதி) எதுவானாலும் அதில் பார்ட்டிஷன் ஃபீல்டு இருந்தே ஆக வேண்டும். இதைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் பில்லுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது: ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் தனித்திருந்தால் போதும். நிதியாண்டால் லிஸ்ட் பார்ட்டிஷன் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு துண்டு) செய்து, நிதியாண்டும் பில் எண்ணும் சேர்ந்த யூனிக் வையுங்கள். (கடைக்கு ஒரு ஜிஎஸ்டி எண்ணுக்கு மேல் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.)

இருக்கும் டேபிளைத் தாயோடு ஒரு பார்ட்டிஷனாக இணைக்கும் (அட்டாச்) முறை: ஃபீல்டு பெயர், டேட்டா டைப் இரண்டும் தாயோடு ஒத்திருக்க வேண்டும், வரிசை மாறியிருந்தாலும் பரவாயில்லை. நிதியாண்டு ஃபீல்டைச் சேர்த்து நிரப்பி நாட் நல் ஆக்குங்கள். 'நிதியாண்டு = 2017_18' என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை (மதிப்பைக் கட்டுப்படுத்தும் விதி) முதலில் நாட் வேலிட் ஆக (இருக்கும் ரெக்கார்டுகளைச் சோதிக்காமல்) போட்டு, பிறகு வேலிடேட் செய்யுங்கள். அதன்பின் அட்டாச். செக் இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் அந்த டேபிள் முழுவதையும் படித்துப் பார்க்கும். அதுவரை அந்த டேபிளில் யாரும் படிக்கக்கூட முடியாது. டிஃபால்ட் பார்ட்டிஷன் (வேறெதிலும் சேராதவை போகும் இடம்) வைத்திருந்தால் அடுத்த வருஷத்துப் பார்ட்டிஷனை மார்ச்சிலேயே போடுங்கள். ஏப்ரல் பில்கள் டிஃபால்ட்டில் விழுந்துவிட்டால் புது பார்ட்டிஷனைச் சேர்க்க விடாது.

மைஎஸ்கியூஎல் என்றால் யோசியுங்கள். அதன் இன்னோடிபி ஸ்டோரேஜ் எஞ்சினில் பார்ட்டிஷன் டேபிளுக்கு ஃபாரின் கீயே கிடையாது.

பள்ளி_ஸ்கீமா:
பள்ளிக்கு ஒரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் டேபிள்களின் தனித் தொகுப்பு), ஒவ்வொன்றிலும் அதே 30 டேபிள். 300 பள்ளி என்றால் 9000 டேபிள். தினசரி வேலையில் குறையே இல்லை. ஒரு இரவு பேக்கப் நின்றுவிட்டது, ஷேர்டு மெமரி போதவில்லை என்று. ரேம் பாதிக்கு மேல் காலி! போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் ஒரே டிரான்ஸாக்ஷனில் எல்லா டேபிளையும் லாக் செய்கிறது. லாக் இடமோ மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_டிரான்ஸாக்ஷன் 64, மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் 100, பெருக்கினால் 6400 சுமார். 64-ஐ 256 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது ஸ்கீமா ஸ்கீமாவாக டம்ப் எடுக்க வேண்டும்.

குறியீடு_அட்டவணை:
நெல்லை சொல்வதைப் படித்துவிட்டு ஒரே அமைப்பிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. துறை, பதவி, ஊர் மூன்றுமே ஐடி, பெயர் என்று இருக்கும். மூன்றையும் ஒரே மாஸ்டர் டேபிளாக்கி 'வகை' ஃபீல்டு வைத்த இடத்தில், ஊழியரின் துறை 'திருச்சி' என்று சம்பளப் பட்டியலில் வந்தது. ஃபாரின் கீ அதை ஏற்றுக்கொண்டது, அந்த ஐடி மாஸ்டரில் இருக்கிறதே! பில்கள் வருஷம் மாறினாலும் பில்கள்தான். துறை எந்நாளும் ஊர் ஆகாது. சேர்த்தே தீர வேண்டுமென்றால் வகையும் ஐடியும் சேர்ந்த ஃபாரின் கீ, ஊழியர் டேபிளில் வகை 'துறை' மட்டும் என்று செக். அதற்கு மூன்று டேபிளே எளிது.

பில்மேசை:
நெல்லை சார், பார்ட்டிஷன் சரிதான். ஆனால் சோர்ஸ் கைவசம் இல்லாத சாஃப்ட்வேரில் டேபிள் அமைப்பைத் தொட முடியாது. அங்கே மாதம் ஒருமுறை இதை ஓட்டலாம்: டேட்டாபேஸே வைத்திருக்கும் ஃபீல்டு பட்டியலான இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா காலம்ஸிலிருந்து பில்_ என்று தொடங்கும் டேபிள்களை எடுத்து, ஃபீல்டு பெயர், டேட்டா டைப், வரிசை எண் மூன்றாலும் குரூப் பை (ஒன்றாயிருப்பவற்றைச் சேர்த்து எண்ணுவது). எண்ணிக்கை மொத்த டேபிள் எண்ணிக்கைக்குக் குறைவாக இருக்கும் ஒவ்வொன்றும் எங்கோ பிசகியிருக்கிறது.

செர்வர்அறை:
வரிசை எண்ணை நேராக எடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஃபீல்டை டிராப் செய்தாலும் அந்த எண் காலியாகவே நிற்கும். ஒத்துப்போகும் டேபிள்களையும் பிசகு என்று காட்டும். டேபிள்வாரியாக ரோ_நம்பர் (1, 2, 3 என்று புதிதாக எண் இடுவது) போட்டு அதை ஒப்பிடுங்கள்.