அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்கலாமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 68. இருமல் நிற்காததால் ஸ்கேனும் பயாப்ஸியும் எடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருத்துவர் அவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, அண்ணனையும் என்னையும் மட்டும் அழைத்து முடிவைத் தெரிவித்தார். அப்பா தாங்கமாட்டார் என்று அஞ்சி, "சளி கட்டியிருக்கிறது, மருந்து ஏற்றினால் கரைந்துவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். மருத்துவரும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, கீமோதெரபி தொடங்கும் முன் அவரிடம் தாமே பேசியாக வேண்டும் என்கிறார். குடும்பத்தின் விருப்பத்தை அவர் மதிக்க வேண்டாமா?

மறுமொழி 1:
நான் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். இந்த வேண்டுகோளை அடிக்கடி கேட்கிறேன். நோயாளியை வெளியே அமர்த்திவிட்டுப் பிள்ளைகளிடம் முடிவைச் சொல்லும் எங்கள் வழக்கமே இந்தச் சிக்கலின் தொடக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீமோவின்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறையும் நாட்களில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சளிக்கு மருந்து ஏறுவதாக நம்புகிறவர் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பேக்லிடாக்சல் போன்ற மருந்தாக இருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். அப்போது என்ன சொல்வீர்கள்?

மறுமொழி 2:
சட்டப்படி பார்த்தால், 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவோ குறைத்துக் காட்டவோ கூடாது என்கின்றன. உறவினரிடம் தெரிவிப்பதை அவை தடுக்கவில்லை. சிகிச்சைக்கான சம்மதம் என்பது வேறு. சமீரா கோலி வழக்கில், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பது) பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றினார்கள். அவசரநிலை இல்லாதபோது, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சுயநினைவோடு இருக்கும் உங்கள் தந்தைக்காக நீங்கள் கையெழுத்திடுவதும் அத்தகையதே.

மறுமொழி 3:
முந்தைய இருவரோடும் உடன்படுகிறேன் என்றாலும், அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதும் சரியன்று. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்குமாறு மருத்துவரிடம் சொல்லுங்கள். என் மாமனார், "பெயரைச் சொல்லுங்கள், எத்தனை நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். மருத்துவர் அந்த எல்லையைக் கடைசிவரை மீறவில்லை. தவிர, புற்றுநோய்ப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கும் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்களா?

கேள்வி கேட்டவர்:
பலகையைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கும் இன்னும் தெரியாது. அவரையும் உடன் அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி 1:
அதையும் உங்கள் தந்தையிடமே கேளுங்கள்.