பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஃபைல்களை மட்டும் ஒதுக்க வழி உண்டா?

ரோஸ்ஹில்வாசி:
வணக்கம். எங்கள் கோவில் அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, டிஸ்க்கை முழுசாக நகலெடுத்துவிட்டேன். பல வருடத் தைப்பூசக் காவடிப் படங்கள், தமிழ் வகுப்புப் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, ஆனால் ஆளுக்கொரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 4 லட்சம் ஃபைல். படம் என்று தேடினால் விண்டோஸ் ஐகான்கள்தான் வந்து கொட்டுகின்றன. ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) வைத்துப் பிரிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

மோக்கா_மணி:
முடியும். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், என்எஸ்ஆர்எல் என்று ஒரு சாஃப்ட்வேர் நூலகம் நடத்துகிறது. வெளிவந்த சாஃப்ட்வேர்களைச் சேகரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5, ஷா-1 போன்ற ஹாஷ்களைக் கணக்கிட்டு, பட்டியலை இலவசமாகத் தருகிறார்கள். ஃபைலின் பெயரையோ தேதியையோ மாற்றினாலும் ஹாஷ் மாறாது, உள்ளே ஒரு பைட் மாறினால் அடியோடு மாறிவிடும். அந்தப் பட்டியலை ஆட்டோப்ஸி என்ற டிஸ்க் ஆய்வு சாஃப்ட்வேரில் சேர்த்து, தெரிந்த ஃபைல்களை மறைக்கச் சொல்லுங்கள். டவுன்லோட் பல ஜிபி வரும்.

ரோஸ்ஹில்வாசி:
நன்றி அண்ணா. எங்களுடையது பிரெஞ்சு விண்டோஸ் எக்ஸ்பி, அதற்கும் பொருந்துமா? எம்டி5 உடைந்துவிட்டது, இரண்டு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ் வர வைக்கலாம் என்றும் படித்தேன்.

போர்ட்லூயி_அக்கா:
தம்பி, எக்ஸ்பியில் மொழி பல ஃபைல்களுக்குள்ளேயே கலந்திருக்கும், விஸ்டாவிலிருந்துதான் பெரும்பாலும் எம்யுஐ என்ற மொழி ஃபைல்களில் தனியாகப் பிரித்தார்கள். அதனால் பிரெஞ்சு ஃபைல்கள் கொஞ்சம் பொருந்தாமல் மிஞ்சலாம். பிரெஞ்சு எக்ஸ்பி சிடி கிடைத்தால் ஒரு வெர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) புதிதாக நிறுவி, அதன் ஃபைல்களை ஹாஷ்டீப் என்ற கருவி கொண்டு ஹாஷ் கணக்கிட்டு, உங்கள் சொந்தப் பட்டியலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் என் டிஸ்க்குக்கு அப்படித்தான் செய்தேன்.

எம்டி5 பற்றி இங்கே கவலை வேண்டாம். ஒரே ஹாஷ் வரும் இரண்டு ஃபைல்களை வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டியது 2004இல், ஷா-1க்கு 2017இல். உங்கள் காவடிப் படம் தற்செயலாக விண்டோஸ் ஃபைலோடு ஒத்துப்போக வழியே இல்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள், பட்டியலில் இருக்கிறது என்றால் தெரிந்த ஃபைல் என்றுதான் பொருள், நல்ல ஃபைல் என்று இல்லை, ஹேக்கிங் கருவிகளும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாததெல்லாம் வைரஸும் இல்லை. எதையும் அழிக்காதீர்கள், மறைத்தால் போதும்.

மோக்கா_மணி:
அக்கா சொல்வது சரி. அப்புறம், ஒரே படம் நாலு ஃபோல்டரில் இருந்தால் அதையும் ஹாஷே காட்டிக்கொடுக்கும். அளவு சுருக்கி மெயிலில் அனுப்பிய நகலுக்கு மட்டும் ஹாஷ் வேறு, அது இந்த முறையில் சிக்காது.