விடுமுறைக் காலத்தில் விலங்குக் காப்பகத்துக்குப் போனவர்கள், மறக்க முடியாததை எழுதுங்கள்

முதல் பதிவு
விடுமுறைக்கு முந்தின நாள் குட்டி எடுக்கத்தான் போனோம். குட்டிகள் பக்கம் ஒரே கூட்டம். கடைசிக் கூண்டில் ஒரு வயதான கறுப்பு நாய், மோவாய் முழுக்க நரைத்திருந்தது. யாராவது தாழ்ப்பாளைத் தொட்டால் போதும், எழுந்து வாசலில் வந்து நிற்கும். திறந்தது பக்கத்துக் கூண்டு என்று தெரிந்ததும் மெல்லத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். குரைக்கவே இல்லை. அப்படி நான்கு முறை எழுந்தது. நான்காவது முறை திறந்தது எங்கள் குட்டிக்காக. இன்றும் வீட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அதுதான் ஞாபகம் வருகிறது.

பதில் 1
குட்டிக்கும் வீடு வேண்டுமே, வருத்தப்படாதீர்கள். ஆனால் விடுமுறை உற்சாகத்தில் எடுப்பதே தப்பு. என் உறவினர் பிள்ளைகளுக்காக ஒரு பூனையை எடுத்தார், பள்ளி திறந்த வாரமே வேண்டாம் என்றுவிட்டார். திரும்பக் கொண்டுபோய் விட்டது நான். வழியெல்லாம் அது கூடை இடுக்கில் என் விரலை நக்கிக்கொண்டே வந்தது.

பதில் 2
மேலே சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது அந்த வீட்டின் தப்பு, விடுமுறையின் தப்பு இல்லை. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஆய்வில், நாயையோ பூனையையோ பரிசாகப் பெற்றவர்களில் 96 சதவீதம் பேர், பரிசாக வந்ததால் பாசம் கூடியது அல்லது அதில் மாற்றமில்லை என்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்கு நான் கொடுத்த பூனை பதினோரு நாள் அலமாரிக்கு அடியிலேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு வந்து அவர் பாதத்தின் மேல் படுத்தது. கால் மரத்துப்போயும் அம்மா அசையவில்லை.

புதிதாக எடுப்பவர்களுக்குச் சில விஷயம். முதல் சில நாள் விருந்தாளிகள் நடுவே கொண்டுவராதீர்கள், ஒரு தனி அறை கொடுங்கள். சாக்லேட், திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். லில்லிப் பூ பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அலங்கார ஜிகினா இழையைப் பூனை விழுங்கினால் குடல் கிழியலாம். ஆட்கள் வந்துபோகும் நாட்களில் கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் கட்டாயம். அப்புறம், எடுக்கவே முடியாதவர்கள் காப்பகத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு ஒரு நாயை வீட்டில் ஓரிரு இரவு தங்கவைக்கலாம். திரும்ப விட்டால் இன்னும் ஏங்குமே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவிலேயே இப்படி வீட்டுக்குப் போய்வந்த, ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஆராய்ந்து 2019இல் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தபோது மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது, திரும்பியதும் பழைய அளவுக்கு வந்ததே தவிர அதற்கு மேல் போகவில்லை.

முதலில் எழுதியவர்
ஓரிரு இரவு தங்கவைக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து போனேன். அந்தக் கூண்டில் வேறொரு நாய் இருந்தது. கறுப்பு நாய் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.